கை நுழையும் இடம்

அண்ணனின் வலது கையை மூன்றாவது முறையாகத் துடைத்தாள், குட்டிக்கை என்று அவர் பெயர் வைத்த தங்கை. நகக்கண்ணில் இருந்த கிரீஸ் அசையவில்லை.

"விடு, அது போகாது," என்றாள் அண்ணி. "கல்யாணத்தன்னிக்கே போகல."

ஐம்பத்து மூன்று வயதுக் கை. மண்வெட்டி போல அகலம். காலையில் இந்தக் கைதான், பட்டறையில் பழுது பார்த்த ஒரு காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. பத்து கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரத்தில், பானெட் திறந்து நின்ற காருக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறார் என்று எட்டரைக்கு போன் வந்தது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இப்போது கூடத்து மேஜையில், வெள்ளைத் துணிக்குள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். மணி மூன்றே கால்.

"இந்தக் காயத்தைப் பாரு," அண்ணி துணியை விலக்கினாள். புறங்கையில் ஆரம்பித்து முழங்கை வரை தோல் உரிந்து கன்றியிருந்தது.

"விழுந்ததுல உராஞ்சிருக்கும் அண்ணி."

"இல்ல, நேத்து சாயங்காலமே இருந்துச்சு. கேட்டா, கேட் கிழிச்சிருச்சுன்னாரு. நம்ம பட்டறையில ஏது கேட்டு? ஷட்டர்தானே இருக்கு? மூச்சு வேற வாங்கிட்டே வந்தாரு. எடை எதுவும் தூக்கினாரான்னு ஆஸ்பத்திரி டாக்டரும் கேட்டாரு. எனக்கென்ன தெரியும்?"

குட்டிக்கையின் காதில் அது பாதிதான் விழுந்தது. மீதிக் காதில் காலையிலிருந்து ஒரே கேள்வி இரைந்துகொண்டிருந்தது. பானெட் ஏன் திறந்திருந்தது?

"கார் பத்திக் கேக்க வரலைங்க," என்று ஒரு குரல். அந்தக் காரின் சொந்தக்காரரான பல் டாக்டர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சரிங்க டாக்டர்," என்றாள் குட்டிக்கை.

"சத்தியமா இல்ல. அண்ணன் முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னுதான்." பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "காரை இழுத்துட்டு வந்தவன் கீறல் எதுவும் போடலியே?"

"பட்டறையில நிக்குது. நல்லா இருக்கு."

"ஹீட்டர் லைன்தானே மாத்துனீங்க? அதுல ஏதாவது... வழியில வெடிச்சு..."

"தெரியாதுங்க," என்றாள். காது மடல் சுட்டது.

தெரியும்.

அந்தக் காரின் என்ஜின் தலையில், உள்ளே காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தது, குடும்பத்தில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத மாமியார் மாதிரி. காருக்குள்ளே கதகதப்புக் கொடுக்கும் ஹீட்டருக்குக் கொதிநீர் கொண்டுபோகும் குழாய்கள் அதற்குக் கீழே நசுங்கி, என்ஜினுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஓடின. நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. சூட்டில் பிஸ்கட் மாதிரி மொறுமொறுத்து, ஒருநாள் உடையும். உடைந்தால் கொதிநீர் பீறிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பித்தளை இணைப்பு போட வேண்டும் என்பதுதான் வேலை.

அந்த இடுக்கில் அண்ணன் கை நுழையாது. அவள் கை மட்டும்தான் நுழையும். கண்ணுக்குத் தெரியும் வேலை அண்ணனுக்கு, தெரியாத வேலை அவளுக்கு. பத்தொன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. 'குட்டிக்கை இல்லேன்னா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்' என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பெருமையாகச் சொல்வார். அவர் பெருமைப்படும்போதெல்லாம் யாரோ ஷட்டரை வெளியிலிருந்து இறக்குவது போல அவளுக்கு இருக்கும்.

நேற்று இரண்டு முறை பித்தளையை உள்ளே கொண்டுபோனாள். இரண்டு முறையும் உட்காரவில்லை. மணி இரண்டு. மூன்று மணிக்கு உதிரிபாகக் கம்பெனியில், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்த வேலைக்குக் கடைசி நேர்காணல். பழைய பிளாஸ்டிக்கையே திரும்ப மாட்டி, கிளிப்பை முறுக்கி, பித்தளையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"போட்டாச்சா?" என்றார் அண்ணன்.

"போட்டாச்சு. கண் டாக்டரைப் பாக்கணும், கிளம்புறேன்."

ஒரே வாயில் இரண்டு பொய்.

காலையில் அண்ணன் டீயை நீட்டி, "இன்னிக்கு உனக்கு லீவு. கைக்கு ரெஸ்ட் குடு," என்று சிரித்தார். கிளம்பினார். அவள் தடுக்கவில்லை. பத்து கிலோமீட்டர்தானே, பழையது தாங்கும் என்று நினைத்தாள்.

"அண்ணி, பட்டறையைப் பூட்டிட்டு வரேன்," என்று எழுந்தாள். வழியில் பெரியப்பா மறித்தார். "தைரியமா இரும்மா. இனிமே பட்டறை உன் கையிலதான். உன்னை நம்பித்தான் உங்க அண்ணியும் புள்ளைங்களும்."

தலையாட்டிவிட்டுக் கொல்லைப்புறத்துப் பட்டறைக்கு வந்தாள். ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தாள். கார் ஒன்றும் நடக்காதது போல நின்றது. ஆணியில் அவளுடைய ஏப்ரன். பித்தளையின் கனத்தில் இழுபட்டிருக்க வேண்டிய பை, எடையில்லாமல் தொங்கியது.

கையை விட்டாள். வந்தது, நேற்று அவள் திரும்ப மாட்டிய பிளாஸ்டிக் இணைப்பு. வாயோரம் மயிரிழை விரிசல்.

அடுத்து ஒரு காகிதம். கம்பெனியின் கடிதம். நேர்காணலுக்கு வரச் சொன்னது. தேர்வானால் திங்கட்கிழமையே சேர வேண்டும் என்று கடைசி வரி. நேற்று அவசரத்தில் ஏப்ரனோடு விட்டுப்போயிருக்கிறாள். அவள் நாலாக மடித்து வைத்தது. இப்போது இரண்டாகத்தான் மடிந்திருந்தது. மடிப்பின் மேல் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

குட்டிக்கை பானெட்டைத் தூக்கினாள். சூப்பர்சார்ஜருக்குப் பின்னால், வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, கையை நுழைத்தாள். மணிக்கட்டு. முழங்கை. உலோக விளிம்பு தோலைச் சீவியது.

விரல்நுனியில் பட்டது. ஜில்லென்று, ஆறு பட்டையோடு, கனமாக. பித்தளை. சுற்றிலும் எங்கேயும் ஈரமில்லை. கிளிப்பின் திருகு மேல்நோக்கி இருந்தது. அவள் எப்போதும் கீழ்நோக்கித்தான் வைப்பாள்.

கசிவு இருக்கிறதா என்று பிரஷர் பம்ப் வைத்துப் பார்த்திருப்பார். ஒரு சொட்டு காட்டிக்கொடுத்திருக்கும். அவளைக் கூப்பிடவில்லை. நுழையாத கையை நுழைத்திருக்கிறார். சாயங்காலம் முழுக்க. விளிம்பில் எதுவோ காய்ந்து சொரசொரத்தது. அவள் விரல் அதன்மேல் நின்று, நகர்ந்தது.

லைன் மாற்றினால் பத்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, பானெட்டைத் திறந்து கசிவு பார்க்க வேண்டும். அண்ணன் போட்ட விதிதான். பார்த்திருக்கிறார். கசியவில்லை.

வாசல் பக்கம் வண்டி பின்வாங்கும் பீப் ஒலி. ஷட்டருக்கு அடியில் பெரியப்பாவின் கால்கள்.

"உள்ள என்னம்மா பண்ற? தூக்கப் போறாங்க. உங்க அண்ணி கூப்பிடுறா."

கையை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். தோல் எரிந்தது. விரல்கள் இணைப்பைச் சுற்றி முஷ்டியாக இறுகியிருந்தன. முஷ்டியோடு இந்த இடுக்கிலிருந்து யாராலும் வெளியே வர முடியாது. பிடியை விட்டால், விரலை நீட்டினால், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்.

"எல்லாரும் உனக்காகத்தான் நிக்கிறாங்கம்மா."

"வரேன் பெரியப்பா," என்றாள்.

உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பித்தளை அவள் உள்ளங்கைச் சூட்டில் மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது.