மண்சரிவு என்று சொன்ன சாலை

எதிர் மலையின் இடுப்பில் மஞ்சளாக ஒரு கீறல் ஓடியது. இங்கர் கைத்தடியை நீட்டி, "அது என்ன தேஜ்மான்?" என்று கேட்டாள்.

"மண்சரிவு" என்றான் தேஜ்மான்.

"அவ்வளவு நீளத்துக்கா?"

"போன மழை ரொம்ப மோசம்ங்க."

வழிகாட்டிகள் பொய் சொல்வது புதிதல்ல. 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று சொல்லாதவன் எங்கள் மலையில் பிறக்கவே இல்லை. ஆனால் இது வேறு பொய். அந்தக் கீறல் ஜீப் சாலை. அது இந்த டென்மார்க் தம்பதிக்குத் தெரிந்துவிட்டால் அவன் தங்கை ஜூன்மாயாவின் பிழைப்பு போய்விடும்.

பொக்ரா நகரத்தில் இருக்கிற நடைப்பயணக் கம்பெனி முதலாளி கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். "சாலை தொடாத குருங் இனத்துக் கிராமங்கள்னு விளம்பரம் போட்டிருக்கேன். இவங்க ரெண்டு பேரும் திரும்பிப் போய் இன்டர்நெட்ல நல்லதா நாலு வரி எழுதினா அடுத்த வருஷமும் இந்த நடை இருக்கும். இல்லேன்னா எல்லாரையும் ஜீப்ல சோம்ரேக்கு ஏத்தி விட்டுடுவேன். உன் தங்கச்சிக்காக நான் தர்ம சத்திரம் நடத்த முடியாது, பாத்துக்க."

சோம்ரே உச்சியில் இருக்கிற ஊர். அதற்குப் பாதி வழியில் பராங்சே. நடந்து போகிறவர்கள் பராங்சேயில் தங்காமல் மேலே போக முடியாது. அங்கே விடுதி வைத்திருப்பவள் ஜூன்மாயா. புருஷன் போன பிறகு அந்த நாலு அறைகள்தான் அவளுக்கு எல்லாம். ஆனால் ஜீப்பில் போகிறவன் பாதியில் எதற்கு இறங்குகிறான்?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சாலை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவளே ஜூன்மாயாதான். சாலை வந்தால் விருந்தாளிகள் குவிவார்கள் என்று அம்மாக்கள் சங்கத்தில் அவள் பேசிய பேச்சென்ன! மண்வாரி இயந்திரம் வந்த அன்று அதை ஓட்டியவனுக்குச் செண்டுமல்லி மாலை போட்டு, மத்தளம் கொட்டி ஆடினார்கள். அவன் கோழிக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே எதிர் மலையில் சாலை வெட்டப் போனான். பராங்சேயிலிருந்து பார்த்தால் சாலை தெரியும். தொங்குபாலத்தைத் தாண்டினால் தொட்டுவிடலாம். அவ்வளவுதான் இவர்களுக்குக் கிடைத்தது.

பள்ளத்தாக்கில் ஹாரன் சத்தம் எழுந்தது. சினிமாப் பாட்டு மெட்டு. 'மத்தியானம் வரைக்கும் அடிக்காதடா' என்று ஜீப் ஓட்டும் கிரணிடம் காலையில்தான் தேஜ்மான் போனில் கெஞ்சியிருந்தான்.

"ஊர்ல கல்யாணம்" என்றான்.

"நேத்தும் கல்யாணம்னு சொன்னீங்களே" என்றார் இங்கரின் கணவர் பௌல். பெருத்த உடம்பு, ஓய்வு பெற்ற தச்சர். ஒவ்வொரு வீட்டு ஜன்னல் மரத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டே வருகிறவர்.

"கல்யாண மாசம்ங்க."

அவர் சிரித்தார். கல்படிகளில் மூச்சு வாங்க நின்று, "இந்தப் படியெல்லாம் இவ்வளவு தேஞ்சிருக்கே, யாரு நடக்கறாங்க?" என்று கேட்டார்.

இதற்குப் பொய் தேவைப்படவில்லை. "முன்னெல்லாம் எல்லாரும். இப்ப நீங்க. அப்புறம் செத்தவங்க. எங்க பூசாரி ஈமச்சடங்குல ஒவ்வொரு ஊர்ப் பேரா சொல்லி, ஆவியை இந்த வழியாத்தான் முன்னோர் ஊருக்குக் கூட்டிட்டுப் போவார்."

"அப்ப நான் சரியான வழியிலதான் போறேன்" என்றார் பௌல். இங்கர் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

பராங்சேயில் ஜூன்மாயா வாசலைச் சாணி போட்டு மெழுகி, மாலையோடு நின்றாள். கேழ்வரகுக் களியும், கோழிக் குழம்பும், புளித்த கீரைச் சாறும் போட்டாள். பௌல் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாளாயிற்று.

"அண்ணே, நல்லா எழுதுவாங்கல்ல?" என்று அடுப்படியில் குசுகுசுத்தாள்.

"களியை இப்படி முழுங்கறவர் எழுதாம இருப்பாரா?"

வெளியே பெஞ்சு கவிழும் சத்தம் கேட்டது. பௌல் தரையில் உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது, வெயிலில் உட்கார்ந்தும் உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. இங்கர் அவருடைய பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேஜ்மான் தங்கையைப் பார்த்தான். அந்த நேரத்திலும் அவன் மனம் கணக்குப் போட்டது. நினைத்தால் இன்றும் அவனுக்கு உடம்பு கூசும்.

"சுமைக் கூடையில உக்கார வச்சு, படி வழியா நானே இறக்கிடறேன். பொழுது சாயறதுக்குள்ள..."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்த மனுஷன் மூஞ்சியப் பாரு! கிரணுக்குப் போன் போடு."

"போட்டா எல்லாம் முடிஞ்சுது, ஜூனு."

"தெரியும். போடு."

கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, பௌலைச் சுமந்துகொண்டு தேஜ்மான் தொங்குபாலத்தைக் கடந்தான். பின்னால் கூடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஜூன்மாயா. அக்கரையில் கிரணின் ஜீப் புழுதியோடு வந்து நின்றது. இங்கர் சாலையைப் பார்த்தாள். பிறகு தேஜ்மானைப் பார்த்தாள்.

"மண்சரிவு" என்று மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பௌல் பிழைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து முதலாளி தேஜ்மானைக் கூப்பிட்டார். குரலில் கொண்டாட்டம். "அந்தம்மா என்னமா எழுதியிருக்காங்கடா! உன்னைப் பத்தியும் தங்கச்சியைப் பத்தியும் தெய்வம் அளவுக்கு. வயசானவங்க பயப்பட வேண்டாம், ஊர் பக்கத்துலயே நல்ல சாலை இருக்கு, நடக்க முடியாதவங்க ஜீப்லயே சோம்ரே வரை போகலாம்னு எழுதிட்டாங்க. போன் ஓயவே மாட்டேங்குது! எல்லாம் கிழடு கட்டைங்க. மூணு ஜீப் பேசிட்டேன்."

"பராங்சே?"

"அங்க எதுக்கு நிக்கணும்?"

நன்றியில் எழுதியது. அந்த அம்மாள்மேல் எப்படிக் கோபப்படுவது?

குளிர்காலத்தில் தேஜ்மான் தங்கையைப் பார்க்கப் போனான். நடந்துதான் போனான். விடுதிப் பலகையைக் கழற்றி எருமைக் கொட்டகைக்குக் கதவாக வைத்திருந்தாள். அவள் சாமான்கள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. பொக்ராவில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவ ஆள் கேட்டிருந்தார்கள்.

"என்னைப் பத்தி என்னண்ணே எழுதியிருக்காங்க?"

"உன் களி மாதிரி உலகத்துலயே இல்லன்னு."

"அப்படியா?" என்று கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

எதிர் மலையில் ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறின. அவை ஓய்ந்ததும், கீழூரில் யாருடைய ஈமச்சடங்கோ, பூசாரியின் மத்தளம் கேட்டது. ஆவியை மேலே அழைத்துப் போகிறார். ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்து, 'பராங்சே, பராங்சேயில் இளைப்பாறு' என்று இழுத்துப் பாடினார்.

ஜூன்மாயா பழக்கதோஷத்தில் எழுந்து வாசலுக்குப் போனாள். படிகளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"செத்தவங்க மட்டும்தான் இன்னும் நடந்து வர்றாங்க" என்றாள். "இவங்களுக்கு நான் என்னத்த ஆக்கிப் போட, அண்ணே?"