கம்பளத்துக்குள் செயலாளர்

மர்ம நாவல் எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டவனுக்கு ஆயுசு கெட்டி என்று குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எத்தனை முறை செத்திருக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை. முகத்தில் தலையணையை அழுத்தினால் கால் எப்போது உதறும் என்று பார்த்திருக்கிறாள். ஃப்ரிட்ஜுக்குள் ஆள் நுழையுமா என்று பார்த்தாள். தோள் நுழைந்தது, வயிறு நுழையவில்லை. அதற்கும் அவருக்குத்தான் திட்டு. மருந்துக்கடைக்காரரிடம் அவள் கேட்டுவிட்டு வந்த சந்தேகங்களுக்குப் பிறகு அந்த மனிதர் இவரைக் கண்டாலே, "சாப்பாடு வீட்லதானா சார்?" என்று பரிதாபமாக விசாரிக்கிறார்.

இப்போதைய நாவலில் ஒருத்தி புருஷனைக் கொன்று, கம்பளத்தில் சுருட்டி, பட்டப்பகலில் மாடிப்படி வழியாக இறக்கிக்கொண்டு போகிறாள். படித்துவிட்டுச் செயலாளர் தாள்களை மேஜைமேல் போட்டார்.

"நடக்கவே நடக்காது. சார் எங்கன்னு ஒருத்தர்கூடவா கேக்க மாட்டாங்க? நம்ம கட்டடத்தையே எடுத்துக்கோ. என்னைக் கேக்காம இங்க ஒரு குழாய் மாத்த முடியுமா?"

"கேப்பாங்கங்கறீங்களா?"

"கேக்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"அப்ப பாத்துடலாம்" என்று அவள் சோபாவை நகர்த்திக் கம்பளத்தை உருவ ஆரம்பித்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் நடமாட்டம் இருக்கும் நேரம். லிஃப்ட் வழக்கம்போல் படுத்திருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டியவர் கம்பளத்துக்குள் படுத்திருந்தார். அவள் கால்பக்கம் பிடித்து ஒவ்வொரு படியாக இழுக்க, அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இருட்டு, தூசி, முதுகில் படியின் விளிம்பு. ஆனாலும் மனதுக்குள் ஒரு குஷி. முதலில் வருகிறவரே கேட்டுவிடுவார், ஆட்டம் முடிந்துவிடும்.

முதலில் வந்தவர் பல் டாக்டர். வாரம் தவறாமல் இவரோடு சீட்டாடுகிறவர்.

"என்னம்மா, இவ்வளவு கனமா?"

"பழைய கம்பளம் டாக்டர். ஒழிச்சுக் கட்டறேன்."

கேள், ஐயா, கேள் என்று செயலாளர் உள்ளே தவித்தார்.

"ஒத்தையா இழுக்காதீங்க, தலைப்பக்கம் நான் பிடிக்கறேன்" என்றார் டாக்டர்.

செயலாளருக்கு வயிறு எரிந்தது. பந்தயத்தில் இல்லாத காரியம்தான், ஆனாலும் வேண்டுமென்றே பலமாக ஒரு தும்மல் போட்டார். எதிரே ஏறி வந்த தையல்கடை அம்மா, "நூறாயுசு!" என்று கம்பளத்தை வாழ்த்திவிட்டு, "நடுவுல தொங்குது பாருங்க" என்று அவர் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்தாள்.

வாசலில் காவலாளி, "நில்லுங்க!" என்றான். செயலாளருக்கு உயிர் வந்தது. தானே பார்த்து வேலைக்கு வைத்த ஆள் அல்லவா!

"பழைய சாமானை இங்க போடக்கூடாதுன்னு செயலாளர் உத்தரவு."

"கார்ல கொண்டு போறேம்பா."

"அப்ப சரிம்மா" என்று கதவை அகலத் திறந்துவிட்டான்.

"சீக்கிரம் ஏத்துங்க," என்றார் டாக்டர். "அந்த மனுஷன் பாத்தார்னா இதுக்கும் ஒரு கூட்டம் போட்டுடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூவரும் போனபின் காருக்குள் அவள் கம்பளத்தைப் பிரித்தாள். செயலாளர் தலையெல்லாம் நூலாக எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லி மழுப்பக்கூடத் தோன்றவில்லை. இறங்கி விறுவிறுவென்று படியேறினார்.

ஐந்தே நிமிஷத்தில் மூச்சு வாங்க ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"கேட்டுட்டாரு! 'எங்க சார் போனீங்க, பாவம், உங்க வீட்டம்மா தனியாக் கிடந்து அல்லாடறாங்களே'ன்னு டாக்டர் கேட்டுட்டாரு!"

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

அவள் அவரைப் பார்த்தாள். பொறுமையாக அவர் தலையிலிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நேர்ல பாத்ததும் கேட்டிருக்காருங்க. காணோம்னு கேக்கலியே."

செயலாளர் அவள் பக்கத்தில் கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் இந்தக் கட்டடத்துக்காக ஓடிய ஓட்டமெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று பட்டது.

"அப்ப கதையில அவ தப்பிச்சுடுவாளா?"

"மாட்டா. சாயங்காலமே மாட்டிக்குவா."

"யாரு கண்டுபிடிக்கறா?"

"ஒருத்தரும் இல்ல. அவளே போலீஸ்ல போய் நிப்பா, வீட்டுக்காரரைக் காணோம், தேடிக் கொடுங்கன்னு."

"பைத்தியமா அவளுக்கு? கொன்னதே அவதானே?"

"அதுக்காக?" என்றாள் அவள். "பொழுது சாஞ்சா மனசு தேடாதா?"