சிஞ்ஞோராவின் கறிவேப்பிலை

இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்த பதினொரு வருடங்களில் அற்புதமலர் மூன்று கறிவேப்பிலைக் கன்றுகளைக் குளிருக்குப் பறிகொடுத்திருந்தாள். சீசா என்ற பகுதியில் அவள் இருந்த வீட்டின் பால்கனி வடக்குப் பார்த்தது, குளிர் காலத்தில் வெயில் எட்டாது. நாலாவது கன்று மட்டும் எப்படியோ இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அதையும் சாகவிட அவளுக்கு மனமில்லை.

பொலிதேயாமா பகுதியில் அவள் வேலை செய்யும் வீட்டில் வெயில் விழும் கண்ணாடி அறை ஒன்று இருந்தது. கன்றை அங்கே வைக்கலாமா என்று வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவிடம் கேட்டாள், அவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார். கார்த்திகையில் சட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனாள்.

“குளிர் காலத்தில் அதிகம் தண்ணீர் கூடாது. பத்து நாளைக்கு ஒருமுறை நானே ஊற்றுகிறேன்,” என்று இத்தாலிய மொழியில் இரண்டு தரம் சொன்னாள். சிஞ்ஞோரா தலையாட்டினார்.

நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு கிழமை லீவு. திரும்பிப் போனபோது கன்று மொட்டையாக நின்றது. மண்ணில் விரலை வைத்தாள். சேறு.

“பாவம், இலை கொட்டத் தொடங்கியது. காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன்,” என்றார் சிஞ்ஞோரா. அவர் கண் கலங்கியிருந்தது.

பரவாயில்லை என்றாள் அற்புதமலர். அன்று குளியலறைத் தரையை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தாள்.

அடுத்த கிழமை சிஞ்ஞோரா ஒரு புதுச் சட்டியை நீட்டினார். ‘கறிச் செடி’ என்று இத்தாலிய மொழியில் அட்டை குத்தியிருந்தது. சாம்பல் நிறத்தில் ஊசி ஊசியாய் இலை. கசக்கினால் கறித்தூள் வாசம் வந்தது. கறிவேப்பிலை வாசம் இல்லை. அதற்கும் நன்றி சொல்லி, இரண்டு சட்டிகளையும் வீட்டுக்குத் தூக்கிவந்தாள்.

“வாசம் வருகுதுதானே. சொதிக்குப் போட்டுப் பாப்பம்,” என்றான் கணவன் அருளையா.

“நீங்களே போட்டுக் குடியுங்கோ.”

“தண்ணி கூடித்தான் செத்தது எண்டு அவவுக்குச் சொன்னீரோ?”

“அழுதுகொண்டு நிக்கிறவவுக்கு என்னத்தைச் சொல்ல?”

சித்திரை வரை பொறுத்தாள். தளிர் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சட்டியைக் கவிழ்த்தபோது வேர் கறுத்து அழுகி, விரலோடு உரிந்து வந்தது. கையைக் கழுவிவிட்டு, பின்தெருவில் இருக்கும் குகனேஸ்வரிக்குப் போன் எடுத்தாள். அவளுடைய மாடி தெற்குப் பார்த்தது, நாள் முழுக்க வெயில். அங்கே கறிவேப்பிலை மரமாகிக் காய்க்கிறது.

“அக்கா, பழம் பழுத்தா எனக்கு நாலு கொட்டை எடுத்து வையுங்கோ.”

“நீ இன்னும் விடேல்லையோ? குளிருக்குக் கண்ணாடித் தாளாலை மூடிவிடன். என்ரை அப்பிடித்தான் நிக்குது.”

“மூடிப் பாத்தாச்சு அக்கா,” என்றாள் அற்புதமலர். “வெயில் விழுற வீட்டிலை இருக்கிற ஆக்களுக்கு உது விளங்காது. கொட்டையை மட்டும் தாங்கோ.”