கடைசி வரிசை

1

இந்தக் கதை ஒரு டிவி ரிமோட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எழுதுகிறவர் வீடு மாற்றும் வேலையில் சாமான் தூக்குபவர். நாற்பத்தாறு வயதில் எழுத்துக்கூட்டப் பழகியவர். வாக்கியங்கள் பாரத்தோடு படி இறங்குவது போல நின்று நின்றுதான் வரும்.

முதலில் இப்படித் தொடங்கினார்:

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வழுக்கும் படியில்...

மழை இல்லை. படி காய்ந்துதான் இருந்தது. விட்டுவிட்டார்.

2

படியில் பீரோ இறக்கும்போது மேல்முனையைப் பிடிப்பவர் மேலாள், கீழ்முனையைத் தாங்குபவர் கீழாள். எழுதுகிறவர்தான் மேலாள். பதினோரு வருஷமாக ஒரே சோடி. அன்று மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும்போது, இரண்டாவது திருப்பத்தில், மேலாளின் கை

(இந்த வாக்கியம் ஐந்து முறை இதே இடத்தில் நின்றுவிட்டது. கிடக்கட்டும்.)

கீழாள் இப்போது கட்டிலில். பேச்சு போய்விட்டது. உடம்பில் வலது கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்கிறது. கீழாளுக்குக் கால் வழுக்கிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. மேலாளை யாரும் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

3

கீழாளின் மகள் செல்போன் செயலி எழுதுபவள். அப்பாவுக்கென்று டிவித் திரையில் ஒரு எழுத்துப்பலகை செய்தாள். ரிமோட்டின் நான்கு அம்புக்குறிகளால் வெளிச்சக் கட்டத்தை நகர்த்தி, நடுப்பொத்தானை அமுக்கினால் எழுத்து விழும். மேலே உயிரெழுத்துகள். அடுத்து மெய்யெழுத்துகள், வரிசைக்கு ஆறாக மூன்று வரிசை. எல்லாவற்றுக்கும் கீழே எழுதும் பெட்டி.

இரண்டு வாரத்தில் கீழாள் எழுதியது: பசி. தாகம். சரி. போதும்.

"அப்பா ரொம்பச் சிக்கனம் மாமா. ஒரு வார்த்தைக்கு மேல போகமாட்டேங்கிறார்."

"பேச்சு இருந்தப்ப மட்டும் கொட்டித் தீர்த்தாராக்கும்?" என்றாள் அவள் அம்மா. "பொண்ணு பார்க்க வந்தப்பவே 'உம்'னு ஒரு சத்தம், அவ்வளவுதாண்ணே. இப்ப கட்டைவிரல் வேற சும்மா சும்மா துடிக்குது."

4

ஒரு மதியம் கீழாள் தூங்கிக்கொண்டிருந்தார். மேலாள் ரிமோட்டை எடுத்தார். பிந்திப் படித்தவருக்கு ஒரு பழக்கம்: எந்த எழுத்து வேண்டுமென்றாலும் க-விலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால்தான் கிடைக்கும். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது, ர-வோடு முடிந்தது. கீழே அமுக்கினார். வெளிச்சம் மூன்றாம் வரிசையைத் தாண்டி எழுதும் பெட்டிக்குள் குதித்தது. ஆறு இடத்திலிருந்தும் அமுக்கிப் பார்த்தார். அதே குதிப்பு. பெட்டியிலிருந்து ஏறினாலும் நேரே இரண்டாம் வரிசைதான். மகள் எல்லாப் பொத்தானையும் தன் செல்போனில் விரலால் தொட்டுச் சோதித்திருந்தாள். அம்புக்குறியால் ஒரு தரம்கூட நடந்து பார்க்கவில்லை.

ல, வ, ழ, ள, ற, ன. இவை இல்லாமல் பசி என்று எழுதலாம். வலி என்று எழுத முடியாது. அந்தக் கட்டைவிரல் துடிக்கவில்லை. கீழே, கீழே, கீழே என்று அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

'கையை விட்டவன் இவன்' என்றும் எழுத முடியாது.

(உண்மையில் இதுதான் எனக்கு முதலில் தோன்றியது. எனக்கு என்றால், மேலாளுக்கு. வலி பிறகுதான் வந்தது. மேலே மாற்றி எழுதியிருக்கிறது. திருத்தவில்லை.)

"என்னண்ணே, டிவி ஓடலையா?" அடுப்படியிலிருந்து குரல்.

"ஓடுது, ஓடுது. சும்மா பார்த்தேன்."

5

முடிவு ஒன்று: ரிமோட்டை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு மேலாள் கிளம்புகிறார். கீழாள் கடைசிவரை சிக்கனக்காரராகவே இருக்கிறார். இதை எழுத மிகச் சுலபமாக வந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு:

"பாப்பா, ர-வுக்குக் கீழ அமுக்கு."

அமுக்கினாள். இன்னொரு தரம் அமுக்கினாள். "அய்யோ மாமா! ரெண்டு வாரமாவா? யாருமே சொல்லலையே!"

"சொல்ல எழுத்து வேணுமே அவருக்கு."

இரண்டாம் வரிசையிலிருந்து 'கீழே' என்று அமுக்கினால், அதை மூன்றாம் வரிசைக்குப் போகவிடாமல் எழுதும் பெட்டி பிடுங்கிக்கொள்கிறதாம். அரைமணி நேரத்தில் சரிசெய்துவிட்டாள்.

நடந்தது இரண்டாவதுதான். இந்தக் கதையும் அதே பலகையில் அமுக்கி எழுதியது. மேலாளின் காய்ப்புப் பிடித்த விரலைச் செல்போன் திரை மதிப்பதில்லை. பழைய பலகையாக இருந்தால் தலைப்பையே எழுதியிருக்க முடியாது.

கீழாள் முதலில் எழுதியது: வலி. மாத்திரை மாற்றினார்கள். கையைப் பற்றி இதுவரை ஒன்றும் எழுதவில்லை. நினைவில்லையா, வேண்டாமென்று விட்டாரா, தெரியவில்லை. மேலாள் போகும்போதெல்லாம் அவரைப் பார்க்கிறார். பிறகு திரையைப் பார்க்கிறார்.

6

ஆகவே இந்தக் கதை. கீழாள் தூங்கும் மதியங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது. திரை அவர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. விழித்தால் இதைத்தான் படிப்பார். படி காய்ந்திருந்தது என்பது ஏற்கனவே அதில் இருக்கிறது.

வெளிச்சக் கட்டம் இப்போது ன-வில் நிற்கிறது. கீழே அமுக்கினால் எழுதும் பெட்டி. அதற்குள் போய், இரண்டாம் பகுதியில் நின்றுபோன வாக்கியத்தை முடிக்கலாம். வலப்பக்கம் அமுக்கினால், மகள் புதிதாக வைத்த 'எல்லாம் அழி' பொத்தான்.

கட்டிலில் இமை அசைகிறது. இந்தாருங்கள் ரிமோட். கீழேயா, பக்கத்திலா, நீங்கள் அமுக்குங்கள்.