மாட்டாத எடைகள்

கண்ணாடி அலமாரியின் கதவிடுக்கில் இனாஸ் அட்டையை மடித்துத் திணித்தாள். வெளியே லாரி ஒன்று மேம்பாலத்தின் பாளங்கள் சேரும் இணைப்பில் ஏறி இறங்கியது. அலமாரி மறுபடியும் கடகடத்தது. பக்கத்து அறையில் தம்பி ஹம்தியும் பள்ளிவாசல்காரரும் அப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ பாலத்து எஞ்சினியர்தானே? இன்னிக்கு ஒரு நாளாவது அதை வாயை மூடச் சொல்லேன்," என்றாள் வகீஹா அத்தை.

இனாஸ் இன்னோர் அட்டையை மடித்தாள். கெய்ரோவில் இந்தப் பாலம் அவர்கள் வீட்டு ஜன்னலை உரசிக்கொண்டு போனது. "உன் பாலம் இன்னிக்கும் என்னை உதைச்சு எழுப்பிடுச்சு" என்று அப்பா தினமும் அவளுக்குப் போன் போடுவார். அவளும் அதிர்வை அளந்து, கணக்குப் போட்டு, பாலத்தடியில் தொங்கவிட இரும்பு எடைகளை வரைந்து கொடுத்தாள். பாலம் துள்ளும்போது அவை ஸ்பிரிங்கில் எதிராக ஆடித் துள்ளலை வாங்கிக்கொள்ளும். எடைகள் வந்தும் விட்டன. மாட்டுவதற்குப் பாலத்தை ஓர் இரவு மூட வேண்டும். அதற்குத்தான் அனுமதி வரவில்லை.

போன் அடித்தது. மேலதிகாரி ஷவ்கி.

"அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். நாலு நாள் லீவு எடுத்துக்கம்மா."

"பாலத்தை எப்ப சார் மூடுவீங்க?"

"இந்த நேரத்துல இதையா கேக்குற?"

"இப்பதான் சார் கேக்கணும்."

"வெயில் காலம் போகட்டும். இப்ப மூடினா ஊரே ஸ்தம்பிச்சுடும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்பாவின் ஜனாஸா கிளம்பும் நேரம் கீழே இறங்கினாள். பாலத்தடியில் துருவேறிக் கிடந்த எடைகள்மேல் தெரு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சலூன்காரர் அப்தூ எழுந்து இடம் விட்டார்.

"உக்காரும்மா. என் பொண்ணு செஞ்சதுன்னு அப்பா இதை எல்லார்கிட்டயும் காட்டுவாரு. ஆமா, இது எதுக்கு?"

"உக்காரத்தான்," என்றாள்.

அமரர் ஊர்தி பாலத்தில் ஏறியது. பின்னால் டாக்ஸியில் ஹம்தியும் அவளும். இணைப்பு வருவதற்கு முன்பே, "மெதுவா போங்க, முன்னால போறவருக்கும் ஒரு ஹார்ன் அடிச்சுச் சொல்லுங்க," என்றாள்.

"பின்னாடி எத்தனை ஹார்ன் பாருங்க மேடம். மெதுவா போனா அடிக்கவே வந்துடுவான்," என்றார் டிரைவர்.

இணைப்பு முன்னால் போன வண்டியைத் தூக்கிப் போட்டது. ஹம்தி கண்களை மூடிக்கொண்டான்.

இனாஸ் முகத்தைத் திருப்பினாள். கையெட்டும் தூரத்தில் அவர்கள் வீட்டு பால்கனி. கொடியில் அப்பாவின் கோடு போட்ட பைஜாமா கிடந்தது. காய்ந்துவிட்டதா என்று அத்தை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.