மணிக்கட்டின் வயது

திரையில் வந்த கையைப் பார்த்ததும் எக்ஸ்ரேக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "எவன்யா படத்தை மாத்திப் போட்டது?" என்று வராண்டா வரை கேட்கும்படி கத்தினார். கத்தி முடித்த பிறகுதான், காலையிலிருந்து அந்த அறையில் தன்னைத் தவிர வேறு யாரும் வேலை பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மேசை ஓரத்தில் அவருடைய மகள் இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. வயது பத்து. திரையில் இருந்த கையோ பத்து வயதுக் கை இல்லை.

"அசையாம வைம்மா, இன்னொரு தடவை எடுத்துடறேன்" என்றார். எடுத்தார். மறுபடியும் அதே கை.

எலும்பு முறியவில்லை. அதற்குச் சந்தோஷப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அங்கேதான் எலும்பு நீளும். வளர்ந்து முடிந்தால் கோடு மறைந்துவிடும். ஊரார் பிள்ளைகளின் கைகளில் எத்தனையோ கோடுகளைப் பார்த்தவர், தன் மகளின் விரல் நுனிகளில் அது அழியத் தொடங்கியிருப்பதைப் பார்த்தார்.

அவர் குள்ளம். பள்ளியில் முதல் வரிசையிலேயே காலத்தை ஓட்டியவர். அதனால் மகள் வகுப்பிலேயே உயரமாக நின்றபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவளை 'ஏணி' என்று கூப்பிடுவார். பரண்மேல் இருக்கும் டப்பாவை அவளை விட்டே எடுக்கச் சொல்லி, விருந்தாளிகளிடம் காட்டிக் குளிர்ந்துபோவார். "ஆறடி தாண்டுவா பாருங்க" என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் அவர் சொல்லாத நாளில்லை. வேலை முடிந்து வரும்போது வறுத்ததும் பொரித்ததும் கை நிறையப் பொட்டலமாக வரும்.

"எடை ஏறிக்கிட்டே போகுதுங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று மனைவி சொல்லாமல் இல்லை.

"வளர்ற புள்ள, சாப்பிடட்டும். பெத்தவளே கண்ணு வைக்காத" என்று வாயை அடைத்துவிட்டார். போன வருடம் மகள் வயதுக்கு வந்தாள். அவள் தோழிகளுக்குப் பால் பற்களே விழுந்து முடியவில்லை. அம்மாக்காரி ஆடிப்போய் உட்கார்ந்திருக்க, இவர் என்ன சொன்னார் தெரியுமா? "என் பொண்ணு எல்லாத்துலயும் முந்திக்கிறவ!" என்றார். பெருமை கண்ணை மறைத்தால் மனிதன் இப்படித்தான் உளறுவான்.

மகளை வராண்டா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, படத்தோடு குழந்தை டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார்.

"இது பதிமூணு வயசுக்கு மேல ஆன எலும்பு சார்" என்றார் டாக்டரம்மா. "உடம்புல கொழுப்பு கூடினா சில பிள்ளைங்களுக்கு, அதுவும் பெண் குழந்தைங்களுக்கு, பருவம் சீக்கிரமே வந்துடும். அதான் சட்டுனு உயர்ந்துட்டா. முந்தி ஓடின வளர்ச்சி முந்தியே நின்னும் போயிடும். வேற காரணம் இருக்கான்னு ரத்தமும் பார்த்துடலாம்."

"இன்னும் எவ்வளவு வளருவா டாக்டர்?"

"கொஞ்சம்தான். உங்க மனைவி உயரத்தைத் தொட்டாலே பெருசு."

"ஊசி, மருந்து ஏதாவது..."

"அதுக்கு முன்னாடியே வந்திருக்கணும். இனி எடையைப் பார்ப்போம். அவளைத் திட்டாம, வீட்டுல எல்லாருமே சாப்பாட்டை மாத்துங்க." டாக்டரம்மா படத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "அவ மனசுல என்ன ஓடுதுன்னு கேட்டிருக்கீங்களா?"

"அவளுக்கென்ன டாக்டர், ஜாலியா இருக்கா."

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி நீட்டினார்.

வெளியே வந்தார். மகள் புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்து, கூன் போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கூனுக்காகக் கொஞ்ச நாளாக அவளை அதட்டிக்கொண்டிருந்தார். இப்போது அதட்ட வாய் வரவில்லை. குழந்தை உடைந்துபோவாளே, எப்படிச் சொல்வது என்று தவித்தார். மறைத்தால் இன்னும் பாவம் என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எலும்பு உடையலம்மா. ஆனா... நீ இனிமே அவ்வளவா உயரமாக மாட்டியாம். அப்பாதான் கவனிக்காம விட்டுட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவாப்பா? வளரவே மாட்டேனா?"

"கொஞ்சம்தான் வளருவியாம்."

"அப்போ மத்தவங்க எல்லாம் என்னைத் தாண்டிடுவாங்களா?"

"தாண்டிடுவாங்கம்மா" என்றார், அவள் தலையைத் தடவிக்கொண்டே.

"எப்போ? அடுத்த வருஷமே தாண்டிடுவாங்களா?"

அவள் முகம் மலர்ந்திருந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவர் அவளிடம் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"கிளாஸ்ல என்னை ஆன்ட்டினுதான்பா கூப்பிடுவாங்க. புதுசா வந்த சார்கூட, 'நீங்க யாரோட அம்மா?'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் தினமும் படுக்கும்போது சாமிகிட்ட கேட்பேன். காலையில எந்திரிக்கும்போது எல்லார் மாதிரியும் சின்னதாயிடணும், இல்லேன்னா எந்திரிக்கவே வேணாம்னு."

கணக்குப் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வது போலச் சொன்னாள். ஒரே வீட்டில், அடுத்த அறையில், இந்தக் குழந்தை தினமும் இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. அவர் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். அவளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

அவள் வீங்கிய கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் காதருகே அவசரமாகச் சொன்னாள்.

"எல்லாரும் என்னைத் தாண்டிடுவாங்கன்னு அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீங்க முந்திச் சொல்லிடாதீங்கப்பா."