பதினோரு எக்ஸ்

திண்டிவனத்தில் பரீட்சை முடிந்து வெளியே வந்த ஆனந்தம்மாள், கேட்டருகே காத்திருந்த மகள் லிடியாவிடம் வினாத்தாளை நீட்டினாள். கல்லூரி போகும் பெண்ணுக்குத் தாயான பிறகு, தனித்தேர்வராகப் பத்தாவது. கணக்குத்தான் கடைசி. பாஸ் பண்ணிவிட்டால் சத்துணவுக் கூடத்து வேலைக்கு மனு போடலாம், மரக்காணத்து உப்பளத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். அந்த வெள்ளை வெளிச்சத்தில் நின்று உப்பு வாரி வாரிக் கண் எரிகிறது என்று அவள் சொல்லாத நாளில்லை. வீட்டில் யார் அதைக் காதில் வாங்கினார்கள்?

"எல்லாம் எழுதிட்டேன் லிடி. அந்த முக்கோணம் மட்டும் ஒதைக்குது."

லிடியாவுக்குச் சிரிப்பு வந்தது. முக்கோணமாவது உதைக்கிறதாவது, அம்மாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடாயிற்றே. சோறு வேகும் நேரத்தில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஆளுயரத்துக்கு முக்கோணம் போட்டு, தெரியாத கோணத்துக்கு எக்ஸ் என்று பேர் வைத்து, மூன்றையும் கூட்டினால் நூற்றெண்பது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே லிடியாதான். எப்படிப் போட்டாய் என்று கேட்டாள்.

"ஒரு கோணம் எக்ஸு, ஒண்ணு ரெண்டு எக்ஸு, இன்னொண்ணு எட்டு எக்ஸு. கூட்டுனா பதினோரு எக்ஸு. நூத்தியெம்பதை வகுத்தா மீதி நிக்குது. எத்தினி தபா போட்டாலும் நிக்குது."

லிடியா தாளைப் பார்த்தாள். எட்டு இல்லை, மூன்று. ஆறு எக்ஸ், முப்பது பாகை, முடிந்தது கணக்கு. அச்சு பளிச்சென்றுதான் இருந்தது.

அம்மா போட்ட வழியில் ஒரு குற்றமும் இல்லை. கண்தான் போயிருந்தது. தரையில் அத்தனை பெரிதாக எழுதிக் காட்டிய தன் கை மேலேயே லிடியாவுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு நாளாவது புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாளா, பாவி? மற்ற கணக்குகளில் எத்தனை மூன்று எட்டாகிப் போனதோ.

"கணக்குதான தப்பு?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. கணக்குதான் தப்பு."

தப்பான கேள்வியென்றால் தொட்டவர்களுக்கெல்லாம் மார்க் உண்டாம், பக்கத்து பெஞ்சுப் பெண் சொன்னாளாம். அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது.

மரக்காணம் நெருங்கியதும் பஸ்ஸுக்கு வெளியே உப்பளம் வெயிலில் தகித்தது. ஆனந்தம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்தாள் லிடியா. ஆனால் மடியில் அம்மாவின் விரல் நகர்ந்துகொண்டிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது, "பதினாறு பதினொண்ணு நூத்தி எழுவத்தாறு..." மீதி நான்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் விரல் அங்கேயே நின்றது.